முப்பது பிள்ளைகளும் ஒரே இலையை ஒட்ட வேண்டாம்

கேள்வி இதுதான். தொடக்கப் பள்ளியில் பாடத்தோடு ஓவிய வகுப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் ஆசிரியர் கேட்கிறார்: "ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குப் பருவத்துக்கு ஏற்ற கலைவேலைகள் வருஷம் முழுக்கக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு வகுப்பு, 40 நிமிடம், 30 பிள்ளைகள். தேடினால் கிடைப்பதெல்லாம் வெட்டி ஒட்டுகிற மாதிரிப் படங்கள்தான். வேறு என்ன செய்யலாம்?"

சிறு பிள்ளைகளுக்குப் பல வருஷங்களாக ஓவியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த மாதிரிப் படங்களில்தான் நானும் ஆரம்பித்தேன். இலை உதிரும் பருவம் வந்தால் இலை வடிவத்தை அச்செடுத்து, பழுப்பும் மஞ்சளுமாகக் கலர் பேப்பர் கொடுத்து, வெட்டி ஒட்டச் சொல்வேன். முப்பது தாளிலும் ஒரே இலை. ஒரு நாள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மைதானத்திலிருந்து பூச்சி அரித்த இலை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "ஓட்டையா இருக்கே, நல்ல இலையா எடுத்துட்டு வா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்து, நான் கொடுத்த ஓட்டையில்லாத இலையை ஒட்டினான். வகுப்பு முடிந்து பார்த்தால் அவன் கொண்டுவந்த இலை மேசைக்கு அடியில் கிடக்கிறது. எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பூச்சி நரம்புகளை விட்டுவிட்டு நடுவிலிருந்த சதையை மட்டும் தின்றிருந்தது. ஜரிகை நெய்த மாதிரி இருந்தது. அன்று அந்த வகுப்பில் பார்ப்பதற்கு அதைவிட நல்ல பொருள் வேறு இல்லை. பார்த்தவனை நானே தடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: பருவத்தைப் படமாகக் கொடுக்காமல் கையில் பொருளாகக் கொடுப்பது. இலையும் மழைத்தண்ணீரும் வெயிலும் நிழலும் வகுப்புக்குள் வந்துவிட்டால் முப்பது வேலைகளும் தானாகவே முப்பது விதமாக வரும். கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

ஒவ்வொரு வகுப்பையும் ஐந்து நிமிடம் வெளியே பார்ப்பதில் தொடங்குங்கள். ஜன்னலோரம் போதும். "போன வாரம் இல்லாதது இன்றைக்கு என்ன இருக்கிறது?" என்று ஒரே கேள்வி. முதல் இரண்டு வாரம் "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். மூன்றாவது வாரம் ஒரு பிள்ளை "அந்தச் சுவர்ல நிழல் இறங்கியிருக்கு" என்று சொல்லும். அங்கிருந்து வகுப்பு பிடித்துக்கொள்ளும்.

பருவம் என்றதும் நான்கு என்று எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. சில ஊர்களில் மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டுதான் கண்ணுக்குத் தெரியும். நம் மொழியில் பனிக்கே முன்பனி, பின்பனி என்று இரண்டு பெயர் இருக்கிறது. கூர்ந்து பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் அவை. பிள்ளைகள் தாங்கள் பார்க்கும் பருவத்துக்குத் தாங்களே ஒரு பெயர் வைக்கட்டும். உறைபனி விழாத ஊரில் பஞ்சு ஒட்டிப் பனிமனிதன் செய்யச் சொல்லாதீர்கள். தன் கண்ணால் பார்க்காததைப் பிள்ளை இன்னொரு படத்தைப் பார்த்துத்தான் வரையும்.

சரி, இலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லா வயதுக்கும் பொருந்துவதும், அதிகமாகக் கெட்டுப்போவதும் இலை தேய்ப்புதான். இலைமேல் தாளை வைத்துக் கிரேயானால் தேய்ப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் அழுக்குத் திட்டுதான் கிடைக்கும். காரணங்கள் சின்னவை. இலையின் பளபளப்பான பக்கத்தை மேலே வைத்திருப்பார்கள். நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில், அதனால் இலையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். காய்ந்து சருகான இலை தேய்க்கும்போதே நொறுங்கும். விழுந்து ஓரிரு நாளான, இன்னும் வளைகிற இலைதான் சரி. தாள் மெல்லியதாக இருக்க வேண்டும், தடித்த ஓவியத் தாளில் நரம்பு ஏறாது. அடியில் செய்தித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். கிரேயானின் மேல்தாளை உரித்துவிட்டு, முனையால் தேய்க்காமல் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். தாள் நகர்ந்தால் எல்லாம் போச்சு, அதனால் ஒரு பிள்ளை பிடிக்க இன்னொன்று தேய்க்கட்டும். நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்க்கச் சொல்லுங்கள்.

முதல் நரம்பு தாளில் எழும்பும்போது வகுப்பில் ஒரு சத்தம் வரும், கேட்டுப்பாருங்கள். அந்த நேரத்தில்தான் புல்லையும் அகல இலையையும் பக்கத்தில் பக்கத்தில் தேய்க்கக் கொடுக்க வேண்டும். ஒன்றில் நரம்புகள் கோடு கோடாக ஒரே திசையில் ஓடும், மற்றதில் வலை மாதிரி பின்னியிருக்கும். சொல்லித்தர வேண்டியதே இல்லை, கையே கண்டுபிடித்துவிடும். பூச்சி அரித்த இலை கிடைத்தால் அதை எல்லாருக்கும் ஒரு சுற்று அனுப்புங்கள்.

அடுத்த வகுப்பில் அதே தாள்மேல் நீர்வண்ணத்தை நிறையத் தண்ணீர் விட்டுப் பூசச் சொல்லுங்கள். கிரேயான் மெழுகு, தண்ணீரைத் தள்ளும். நரம்புகள் மேல் வண்ணம் ஒட்டாமல் பளிச்சென்று நிற்கும். வெள்ளைக் கிரேயானால் தேய்த்திருந்தால் இன்னும் விசேஷம்: ஒன்றுமே இல்லாத தாளில் வண்ணம் பட்டதும் இலை எழும்பி வரும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு நான் விடாமல் செய்வது நிறம் பொருத்தும் வேலை. வெள்ளை அட்டை ஒன்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓட்டை போடுங்கள். அந்த ஓட்டை வழியாக இலையின் ஒரு பகுதியை மட்டும் பார்க்க வேண்டும். ஓட்டைக்குப் பக்கத்தில், அதே நிறத்தைக் கலந்து ஒரு புள்ளி வைக்க வேண்டும். முழு இலையாகப் பார்க்கும்போது "பச்சை" என்று சொன்ன பிள்ளை, ஓட்டை வழியாகப் பார்த்ததும் தடுமாறும். மஞ்சள் சேர்த்துப் பார்க்கும், போதாது. ஒரு துளி சிவப்பு விழுந்ததும் பச்சை மங்கிப் பழுப்பை நோக்கிப் போகும், அப்போது முகம் மாறும். ஒரே இலையில் ஆறு நிறம் எடுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த வேலையைச் செய்த பிறகு யாரும் மரம் என்றால் பழுப்புத் தண்டு, பச்சைப் பந்து என்று வரைவதில்லை. குறைந்தது தண்டு சாம்பல் நிறம் என்றாவது தெரிந்துவிடுகிறது.

"ஏன் நிறம் மாறுது?" என்று கேட்பார்கள். சரியான பதிலைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். இலைக்குப் பச்சை தருவது பச்சையம். பகல் குறைந்து குளிர் கூடும்போது மரம் அதைச் சிதைத்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மஞ்சளும் ஆரஞ்சும் ஏற்கெனவே இலையில் இருந்தவைதான், பச்சை விலகியதும் வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படி இல்லை, பெரும்பாலும் அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாகிறது. இதைக் கேட்ட நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் இலைக்கு முதலில் மஞ்சள் பூசி, காய்ந்ததும் மேலே பச்சை பூசி, ஈரத் துணியால் அங்கங்கே பச்சையைத் துடைத்து எடுத்தாள். நான் சொல்லிக்கொடுக்காத முறை அது. இப்போது எல்லா வகுப்புக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

மழைக்காலத்துக்கு மழையே தூரிகை. தாளில் நீர்வண்ணத்தைக் கெட்டியாகப் பெரிய பெரிய பொட்டுகளாக வைத்து, தூறல் விழும்போது பத்து இருபது விநாடி வெளியே நீட்டி உள்ளே எடுத்தால் போதும். தூறலுக்கு ஒரு தடம், அடைமழைக்கு வேறு தடம். ஓரத்தில் தேதியும் எத்தனை விநாடி என்பதும் எழுதட்டும். தாளைத் தட்டிலோ அட்டையிலோ வைத்துக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் நனைந்து கிழிந்துவிடும்.

மேகத்தை வரைய ஒரு நல்ல துணை இருக்கிறார். இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்துகொண்டு வானத்தை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் குறித்து வைத்தார். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். அஞ்சலட்டை அளவுக்கு அட்டை வெட்டிக் கொடுங்கள். முன்பக்கம் பத்து நிமிடத்தில் வானம், பின்பக்கம் தேதி, மணி, காற்று. வானத்துக்கு நீலம் பூசி, ஈரம் காய்வதற்குள் சுருட்டிய துணியால் ஒற்றி எடுத்தால் மேகம். சுண்ணக்கட்டியும் கரியும் விரலால் தேய்த்தால் மழைமேகம். வாரம் ஒரு அட்டை என்று மூன்று மாதம் சேர்த்துச் சுவரில் வரிசையாக ஒட்டினால் பருவம் நகர்ந்தது அப்படியே தெரியும். ஒரு பிள்ளையின் அட்டை அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் பின்னால் "காற்று இல்லை, இலை அசையல" என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவே பார்த்திருக்கிறது.

வெயில் காலத்தை ஓவிய வகுப்பில் பெரும்பாலும் வீணாக்குகிறோம், ஒரு மஞ்சள் வட்டமும் கோடுகளும் போட்டு முடித்துவிடுகிறோம். வெயிலின் வேலை நிழல். காலையில் தரையில் ஒரு பிள்ளை நிற்க, இன்னொன்று சாக்பீஸால் நிழலைச் சுற்றி வரையட்டும். கால் வைத்த இடத்தையும் வரைந்து வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே கால்தடத்தில் நின்றால் நிழல் தன் கோட்டுக்குள் அடங்காது. அந்த ஆச்சரியத்தை ஒருநாள் வேலையாக விட்டுவிடாதீர்கள். ஒரு பொம்மையை ஜன்னலோரத் தாளில் வைத்து, மாதம் ஒருமுறை அதே மணிக்கு அதே இடத்தில் நிழலை வரைந்து வாருங்கள். சூரியன் தாழ்ந்த மாதங்களில் நிழல் நீளும், உயர்ந்த மாதங்களில் குறுகும். ஒரே தாளில் ஏழெட்டு நிழல் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் அந்த மாதத்தின் நிறம் என்று பிள்ளை எதை நினைக்கிறதோ அதைப் பூசட்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் சயனோடைப் தாள் வாங்குங்கள். இரும்பு உப்புகள் பூசிய, வெயில் பட்ட இடம் நீலமாகிற தாள் அது. இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் இந்த முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா ஆட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை அந்தத் தாளில் வைத்து வெயிலில் பதிவெடுத்துப் புத்தகமாக்கத் தொடங்கினார். புகைப்படங்களால் ஆன முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்வார்கள். பிள்ளைகள் செய்வதும் அதே வேலைதான்: இலையோ இறகோ வைத்து, மேலே கண்ணாடித் தகடு வைத்து, நல்ல வெயிலில் சில நிமிடம், பிறகு தண்ணீரில் அலசுவது. நீலத்தில் வெள்ளை உருவம் நிற்கும், காயக் காய நீலம் ஆழமாகும். பூசிய தாளாகவே வாங்குங்கள், ரசாயனத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். அது முடியாது என்றால் மட்டமான கலர் பேப்பர் போதும். அதன்மேல் ஓர் உருவத்தை ஒட்டி வெயில் படும் ஜன்னலில் பல நாள் விட்டால் மற்ற இடம் வெளுத்து, மறைந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கும். காத்திருப்பதும் இந்த வேலையில் ஒரு பங்கு.

உறைபனி விழும் ஊராக இருந்தால் காகிதப் பனித்துகள் வெட்டுவீர்கள். பலரும் தாளை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து வெட்டுகிறார்கள். நிஜப் பனித்துகளுக்கு ஆறு கைகள், ஏனென்றால் பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகத்தான் அடுக்கிக்கொள்கின்றன. அதனால் மடிப்பை மாற்றுங்கள்: வட்டமாக வெட்டிய மெல்லிய தாளைப் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்று சம பாகமாகக் கூம்பு போல மடித்து, பிறகு ஒருமுறை பாதியாக மடிக்க வேண்டும். பன்னிரண்டு அடுக்கு வரும். சின்ன வகுப்புக் கைகளுக்கு இதை வெட்டுவது கஷ்டம், டிஷ்யூ தாள் கொடுத்தால் முடியும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி கேமராவோடு நுண்ணோக்கியைச் சேர்த்து 1885 ஜனவரி 15 அன்று தன் முதல் பனித்துகள் படத்தை எடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கும் மேல் எடுத்தார். அந்தப் படங்களில் நான்கைந்தைக் காட்டிவிட்டு வெட்டச் சொல்லுங்கள், கத்தரி போகும் விதமே மாறும்.

பனிமூட்டம் மட்டும் உள்ள ஊரென்றால் அதுவும் நல்ல பாடம். தூரத்தில் இருப்பது வெளிறித் தெரியும். ஒரு நிறத்தை எடுத்து, அதில் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மூன்று தாள்களுக்குப் பூசி, காய்ந்ததும் கையாலேயே கிழித்து, வெளிறியதைப் பின்னாலும் அடர்ந்ததை முன்னாலும் ஒட்டினால் மூட்டத்துக்குள் மரங்கள் வந்துவிடும். கத்தரி வேண்டாம், கிழித்த ஓரம்தான் மூட்டத்துக்குப் பொருந்தும்.

துளிர் விடும் பருவத்துக்கு அதிகம் தேவையில்லை. மொட்டுள்ள குச்சி ஒன்றைத் தண்ணீரில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை பென்சிலால் ஐந்து நிமிடம் வரைவது. ஐந்தாவது படத்துக்குள் இலை விரிந்திருக்கும்.

இவை தனித்தனியாகப் போகாமல் இருக்க வருஷம் முழுக்க ஒரு வேலை ஓடட்டும்: ஒரே மரம். பள்ளியிலிருந்து தெரியும் ஒரு மரத்தை வகுப்பே தேர்ந்தெடுக்கட்டும். நீளத் தாளை விசிறி மடிப்பாக மடித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மடிப்புப் புத்தகம், பள்ளி நடக்கும் மாதத்துக்கு ஒரு பக்கம். ஒரு மாதம் பென்சில், ஒரு மாதம் பட்டையின் தேய்ப்பு, ஒரு மாதம் அதன் இலையில் வண்ணம் தடவி அச்சு, இப்படி முறையை மாற்றிக்கொண்டே போங்கள். "ஒரே மரத்தையா?" என்று முனகினால் பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே பற்றிச் சொல்லுங்கள். 1890, 1891-இல் வயலில் இருந்த வைக்கோற்போர்களை வெயில், பனி, காலை, மாலை என்று சுமார் 25 ஓவியங்களாகத் தீட்டியவர். அவற்றில் இரண்டைப் பக்கத்தில் வைத்து "இது எந்த நேரம்?" என்று கேளுங்கள், பத்து நிமிடம் வாதம் நடக்கும்.

வயது விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிகளாக வகுத்த விக்டர் லோவன்ஃபெல்ட், சுமார் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் தாளின் அடியில் தரைக்கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துவார்கள் என்று காட்டினார். வானம் மேலே ஒரு பட்டை, நடுவில் வெற்றிடம். இதைத் தப்பென்று திருத்தாதீர்கள், அந்த வயதில் உலகம் அப்படித்தான் அடுக்கப்படுகிறது. ஒன்பது பத்து வயதில் வேறொரு சிக்கல் வரும். நிஜம் போல வரவில்லை என்று தாங்களே பார்த்துவிட்டு "எனக்கு வரைய வராது" என்று தாளை மூடிவிடுவார்கள். நான்காம் ஐந்தாம் வகுப்பில் தேய்ப்பு, அச்சு, நிழல், வெயில் பதிவு ஆகியவற்றை நான் விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். இவற்றில் உருவம் பொருளிலிருந்தே வந்துவிடுகிறது. பயம் போன கை பிறகு பென்சிலையும் எடுக்கும்.

அப்புறம், 40 நிமிடம். பார்க்க ஐந்து, சொல்ல ஐந்து, செய்ய இருபது, எடுத்துவைக்கப் பத்து என்று பிரியுங்கள். எடுத்துவைக்கும் பத்தைக் குறைத்தால் அடுத்த வாரம் நீங்களே வண்ணத்தைத் தொட மாட்டீர்கள். வண்ணத்தைப் பாட்டில் மூடியளவு மட்டும் ஊற்றிக் கொடுங்கள். காயவைக்க ஒரு கயிறும் துணிக் கிளிப்புகளும் போதும். இலைகளை முந்தின வாரமே சேர்த்துச் செய்தித்தாளுக்குள் புத்தகக் கனத்தில் வைத்துவிடுங்கள், தட்டையாக இருந்தால்தான் அச்சு விழும். கீழே விழுந்ததை மட்டும் எடுப்பது, பெரியவர்கள் பெயர் சொல்ல முடியாத செடியைத் தொடாமலிருப்பது, வெளியே போய் வந்ததும் கை கழுவுவது, இந்த மூன்றும் முதல் வாரமே விதியாகட்டும்.

சுவரில் ஒட்டும்போது அழகானவற்றை மட்டும் பொறுக்காதீர்கள். முப்பதையும் ஒட்டுங்கள், ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பிள்ளை பார்த்த ஒரு விஷயம் அதன் சொந்த வாக்கியத்தில் இருக்கட்டும். எழுத வராத முதல் வகுப்புப் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், திருத்தாமல்.

வரும் வாரமே ஆரம்பிக்க வேண்டுமென்றால் இலை தேய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்கு மூன்று மெல்லிய தாள், மேல்தாள் உரித்த கிரேயான், செய்தித்தாள். இலையை நீங்கள் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் கொண்டுவரட்டும், ஓட்டை இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.